முழங்காலுக்குப் பின்னாடி வெயின் உப்பி நுரையீரலுக்கு ரத்தக்கட்டி போகுதுன்னா ட்ரீட்மென்ட் எப்படி எடுக்கணும்

எங்க அக்காவுக்கு நுரையீரல்ல ரத்தக்கட்டி ரெண்டு தடவை வந்துச்சு. முதல் தடவை ஊசி போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க, கால் ஸ்கேன் நார்மல், காரணம் தெரியலன்னு ரிப்போர்ட். எட்டு மாசம் கழிச்சு, மாத்திரையை ஒரு நாள் கூட விடாம சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே திரும்ப வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது வலது முழங்காலுக்குப் பின்னாடி வெயின்ல ஒரு பை மாதிரி உப்பி இருக்கு, கட்டி அங்கதான் உருவாகி மேல போகுதுன்னு. அதுக்கப்புறம் ஆபரேஷன், இப்ப நல்லா இருக்கா. நான் டாக்டர் இல்ல, கூடவே இருந்து எல்லா ஃபைலையும் தூக்கிட்டு அலைஞ்சவன், அவ்வளவுதான். இதே நிலைமையில இருக்கற யாருக்காவது ரெண்டாவது தடவை வர்றதுக்கு முன்னாடியே வழி தெரியட்டும்னு எழுதறேன். மருந்து அளவு, ஆபரேஷன் தேதி இதையெல்லாம் உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

முதல்ல பேரைத் தெரிஞ்சுக்கோங்க, ரிப்போர்ட்ல இதுதான் வரும்: பாப்லிட்டியல் வீனஸ் அனியூரிசம். பாப்லிட்டியல்னா முழங்கால் மடிப்புக்குப் பின்னாடி, வீனஸ்னா வெயின், அதாவது இதயத்துக்குத் திரும்பிப் போற கெட்ட ரத்தக் குழாய், அனியூரிசம்னா ஒரு இடத்துல மட்டும் சுவர் தளர்ந்து பலூன் மாதிரி உப்பறது. நுரையீரலுக்குக் கட்டி போய் அடைக்கறதுக்குப் பேரு பல்மனரி எம்பாலிசம், ஆஸ்பத்திரில எல்லாரும் பிஇ பிஇன்னுதான் சொல்வாங்க, நானும் அப்படியே சொல்றேன்.

இங்க ஒரு வார்த்தைக் குழப்பம் இருக்கு, இதுல நாங்களே மாட்டினோம். நம்ம பேச்சுல வெயினும் நரம்புதான், நெர்வும் நரம்புதான். "முழங்கால் பின்னாடி நரம்பு வீங்கியிருக்காம்"னு நான் வீட்ல சொன்னதும் ஒரு சித்தப்பா நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார், இன்னொருத்தர் அது சுருள் நரம்புதானே லேசர்ல சரி பண்ணிடலாம்னார். ரெண்டும் இல்ல. தோலுக்குக் கீழ நீலமா புடைச்சுத் தெரியற வெரிகோஸ் வெயின் மேலாப்புல இருக்கறது, இது உள்ளாற ஆழத்துல ஓடற மெயின் வெயின். பார்க்க வேண்டியது வாஸ்குலர் சர்ஜனை, ரத்தக்குழாய் ஆபரேஷன் பண்றவரை. அவர்கிட்ட பேசும்போதாவது வெயின், நெர்வுன்னு பிரிச்சுச் சொல்லுங்க, ஏன்னா இந்த ஆபரேஷன்ல ரெண்டுமே பக்கத்துப் பக்கத்துல இருக்கு, பின்னாடி சொல்றேன்.

அபூர்வமான வியாதிதான். மருத்துவப் பத்திரிகைகள்ல இதப் பத்தி முதல்ல எழுதினது 1968ல, இதுலேர்ந்து நுரையீரலுக்குத் திரும்பத் திரும்பக் கட்டி போகுதுன்னு எழுதினது 1976ல. அதனால நிறைய டாக்டர்கள் சர்வீஸ்ல ஒண்ணு ரெண்டு கேஸ்தான் பார்த்திருப்பாங்க, சிலர் பார்த்தே இருக்க மாட்டாங்க. இதுக்காக யார் மேலயும் கோபப்பட்டுப் பிரயோஜனம் இல்ல, நாமதான் கொஞ்சம் விவரமா கேக்கணும்.

ஏன் கட்டி வருதுன்னா, ரத்தம் நல்லா ஓடிக்கிட்டே இருந்தா சுலபமா உறையாது, தேங்கினா சுலபமா உறைஞ்சுடும். ஆத்துல ஓரமா ஒரு மடுவு இருந்தா தண்ணி அங்க சுத்திச் சுத்தி நிக்குமே, அதே கதைதான். பைக்குள்ள ரத்தம் மெதுவா சுழலுது, சுவத்துல ஒட்டிக் கட்டி ஆகுது, முழங்காலை மடக்கி நீட்டும்போதும் நடக்கும்போதும் கெண்டைக்கால் சதை பம்ப் பண்ணும்போதும் பை அமுங்கி அந்தக் கட்டி பிஞ்சு மேல கிளம்புது. தொடை, இடுப்பு, இதயம் எல்லாம் தாண்டி நேரா நுரையீரல்ல போய்ச் சிக்கும். பல பேருக்குக் கால்ல வலியே இருக்காது, வீக்கம் கூட இருக்காது, முதல் அறிகுறியே மூச்சுத் திணறல்தான். அக்காவுக்கும் காலைப் பத்தி ஒரு புகாரும் கிடையாது.

மூச்சு திணறும்போது

அந்த நேரத்துல அனியூரிசத்தை எல்லாம் யோசிக்காதீங்க, முதல்ல உயிர். திடீர்னு மேல்மூச்சு வாங்கறது, ஆழமா மூச்சு இழுத்தா நெஞ்சுல ஒரு பக்கம் குத்தறது, படபடன்னு இதயம் அடிக்கறது, இருமினா ரத்தம், கண்ணு இருட்டி மயக்கம், இதுல ஏதாவது வந்தா ஆம்புலன்ஸ் கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போங்க. தானே வண்டி ஓட்டிக்கிட்டுப் போகக்கூடாது. வாய்வுப் பிடிப்புன்னு நினைச்சு காலைல பாத்துக்கலாம்னு படுக்கக்கூடாது, முதல் தடவை நாங்க பண்ணின தப்பு அதுதான், ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தே இருந்தா. முழங்கால் பின்னாடி ஏதாவது உருண்டையா தட்டுப்பட்டா யாரும் அமுக்கிப் பார்க்கறது, நீவி விடறது, உருவி விடறது எல்லாம் கூடவே கூடாது.

அங்க ஆக்சிஜன் அளவு, இசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ, அப்புறம் கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தி நெஞ்சு சிடி ஸ்கேன். அந்த சிடிலதான் கட்டி எங்க எவ்வளவு இருக்குன்னு தெரியும். கிட்னி பிரச்சனை இருந்தா, கர்ப்பமா இருந்தா, கான்ட்ராஸ்ட் அலர்ஜி முன்னாடி வந்திருந்தா கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பாரின் சொட்டாவோ ஊசியாவோ ஆரம்பிப்பாங்க. பிபி இறங்கி ஆள் மோசமா இருந்தா மட்டும் கட்டியைக் கரைக்கற ஸ்ட்ராங்கான மருந்து கொடுப்பாங்க, அதுல மூளையில ரத்தக் கசிவு ஆகற ரிஸ்க் இருக்கறதால எல்லாருக்கும் கொடுக்க மாட்டாங்க, கையெழுத்து கேட்பாங்க, பயந்துக்கிட்டு அங்க நின்னு லேட் பண்ணாதீங்க.

கட்டி எங்கேர்ந்து வந்துச்சுன்னு விடாம கேளுங்க

இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுப்பீங்கன்னா இது இருக்கட்டும். பிஇ வந்தவங்களுக்கு வழக்கமா ரெண்டு காலுக்கும் டாப்ளர் ஸ்கேன், அதாவது ரத்த ஓட்டம் பார்க்கற அல்ட்ராசவுண்ட் எடுப்பாங்க. அதுல அவங்க தேடறது வெயின்ல கட்டி இருக்கா இல்லையான்னு. ஸ்க்ரீன்ல வெயின் கருப்பு வட்டமா தெரியும், ப்ரோபால, அதாவது தோல் மேல வைக்கற ஸ்கேன் கருவியால அமுக்கினா தட்டையாகி மறைஞ்சுடும், மறைஞ்சா நார்மல், மறையலன்னா உள்ள கட்டி இருக்கு. சரி, கட்டி ஏற்கனவே கிளம்பி நுரையீரலுக்குப் போயிடுச்சுன்னா? பை காலியா இருக்கும், அமுக்கினா அமுங்கும், ரிப்போர்ட்ல டிவிடி, அதாவது கால்ல ஆழத்துல இருக்கற வெயின்ல ரத்தக்கட்டி, இல்லன்னு வந்துடும். பொய் ரிப்போர்ட் இல்ல, கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான், ஆனா கேள்வி வேற.

அதனால "பாப்லிட்டியல் வெயினோட அகலம் எவ்வளவு, ரெண்டு பக்கமும் அளந்து எழுத முடியுமா"ன்னு கேளுங்க. சாதாரணமா அது ஒரு சென்டிமீட்டருக்குள்ள, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். பக்கத்துல இருக்கற வெயினை விட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு உப்பியிருந்தா அனியூரிசம்ங்கறாங்க, நிறைய பேர் 20 மில்லிமீட்டரை ஒரு கோடா வச்சுக்கறாங்க. முடிஞ்சா நிக்க வச்சும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க, படுத்திருக்கும்போது வெயின்ல ரத்தம் கம்மி, நின்னா நிரம்பும், சைஸ் அப்பத்தான் சரியா தெரியும்.

ரெண்டாவது தடவை அட்மிட் ஆனப்ப அக்காவுக்கு ஸ்கேன் எடுத்தவர் கொஞ்சம் வயசானவர், பேச்சே கிடையாது. இடுப்புலேர்ந்து கீழ இறங்கி இறங்கி வந்துக்கிட்டு இருந்தார், தொடை வரைக்கும் எல்லாம் பட்டாணி சைஸ் வட்டம், அமுக்கினா மறையுது, அமுக்கினா மறையுது. முழங்கால் மடிப்புக்கு வந்ததும் அந்த வட்டம் விரிஞ்சு ஸ்க்ரீன்ல பாதியை அடைச்சுக்கிச்சு. உள்ள புகை மாதிரி வெள்ளையா ஏதோ சோம்பேறித்தனமா சுத்துது. "என்ன சார் அது"ன்னேன். "ரத்தம்தான், போக மனசில்லாம நின்னு சுத்துது"ன்னு சொல்லிட்டு ரெண்டு ஓரத்துலயும் புள்ளி வச்சு கோடு இழுத்தார், 27 மில்லிமீட்டர். ஒரு ஓரமா சுவத்துல ஒட்டின மாதிரி சாம்பல் நிறத்துல ஒரு துண்டு, அதைக் காட்டி "இதை நான் அமுக்கப் போறதில்ல"ன்னு ப்ரோபை மெதுவா எடுத்துட்டார். அக்கா குப்புறப் படுத்துக்கிட்டே "டேய், என்னடா சொல்றாரு"ன்னு கேக்கறா, எனக்கு வாயே வரல.

ஸ்கேன்ல தெரிஞ்சதும் அடுத்து சிடி வீனோகிராம் இல்ல எம்ஆர் வீனோகிராம், அதாவது வெயினை மட்டும் தெளிவா காட்டற சிடி இல்ல எம்ஆர்ஐ ஸ்கேன், எடுக்கச் சொல்லலாம், பையோட வடிவம், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, கீழேர்ந்து எத்தனை கிளை வந்து சேருதுங்கறது ஆபரேஷன் பண்றவருக்கு வேணும். வடிவம் முக்கியமான விஷயம். ஒரு பக்கமா பை மாதிரி தொங்கினா சாக்குலார், வெயின் மொத்தமா சுத்திலும் உப்பினா ஃபியூசிஃபார்ம். பை வடிவம்தான் அதிகம், ட்ரீட்மென்ட் முடிவும் பாதி இதை வச்சுத்தான். இன்னொரு காலையும், தொடை வெயினையும் சேர்த்துப் பார்த்துடச் சொல்லுங்க, சிலருக்கு ரெண்டு பக்கமும் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முழங்கால் பின்னாடி மெத்துன்னு ஒரு வீக்கம்னா நூத்துக்குத் தொண்ணூறு பேர் பேக்கர்ஸ் சிஸ்ட்டுன்னுதான் நினைப்பாங்க, மூட்டுலேர்ந்து நீர் கசிஞ்சு சேர்ற கட்டி அது, பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். ஆனா டாப்ளர் போட்டு உள்ள ரத்த ஓட்டம் இல்லன்னு உறுதி பண்ணாம ஊசி குத்தி நீர் எடுக்க விடாதீங்க. இதே மாதிரி தொடை இடுக்குல மேலாப்பு வெயின் உப்பினா அதை ஹெர்னியான்னு நினைக்கறதும் உண்டு, அது நுரையீரலுக்கு அவ்வளவா கட்டி அனுப்பாது, இருந்தாலும் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி தெரிஞ்சிருக்கணும்.

மாத்திரை மட்டும் போதாதா

எல்லாரும் கேக்கற கேள்வி, நாங்களும் கேட்டோம். ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை புதுக் கட்டி உருவாகறதைத் தடுக்கும், இருக்கற கட்டி பெருசாகாம பார்த்துக்கும், உடம்பு தானா அதைக் கரைக்க டைம் வாங்கிக் கொடுக்கும். உப்பின சுவத்தைச் சுருக்காது. பை அங்கயேதான் இருக்கும், ரத்தம் அதுல சுத்திக்கிட்டேதான் இருக்கும். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் திரும்ப பிஇ வந்தவங்களைப் பத்தி மருத்துவப் பத்திரிகைகள்ல நிறையவே பதிவாகியிருக்கு, எங்க வீட்லயே ஒண்ணு. அதனாலதான் சாதாரண டிவிடிக்கு மாத்திரையோட நிறுத்தறவங்க இதுக்கு ஆபரேஷன்ங்கறாங்க.

அதுக்காக ஆபரேஷன்தானே பண்ணப் போறோம்னு மாத்திரையை லேசா எடுத்துக்காதீங்க, கத்தி வைக்கற வரைக்கும் காப்பாத்தறது அதுதான். அபிக்ஸபான்னா முதல் 7 நாள் 10 மில்லிகிராம் ரெண்டு வேளை, அப்புறம் 5 மில்லிகிராம் ரெண்டு வேளை. ரிவராக்ஸபான்னா முதல் 21 நாள் 15 மில்லிகிராம் ரெண்டு வேளை, அப்புறம் 20 மில்லிகிராம் ஒரு வேளை, அதைச் சாப்பாட்டோடதான் போடணும், வெறும் வயித்துல போட்டா சரியா உள்ள ஏறாது. இது வழக்கமான அளவு, கிட்னி, வயசு, எடை பார்த்து உங்களுக்கு மாறலாம், சீட்டுல என்ன இருக்கோ அதுதான் கணக்கு. அளவு மாறற அந்த 8வது நாளும் 22வது நாளும்தான் குளறுபடி ஆகற இடம், போன்ல அலாரம் போட்டு வைங்க. வார்ஃபரின்னா ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கற ஐஎன்ஆர் டெஸ்ட் அடிக்கடி எடுத்து 2லேர்ந்து 3க்குள்ள வச்சுக்கணும். ஆன்டிபாஸ்போலிபிட்னு, ரத்தம் சுலபமா உறைய வைக்கற ஒரு வியாதி இருந்தா புது மாத்திரைகளை விட வார்ஃபரின்தான் சரின்னு சொல்வாங்க. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைங்க பொதுவா கிடையாது, ஹெப்பாரின் ஊசிதான்.

வலி மாத்திரை விஷயத்துல உஷார், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி எதையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க, ரத்தக் கசிவு ஆகும். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன் சாப்பிடறவங்க, டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிடறவங்க கட்டாயம் சொல்லணும், அது இந்த மாத்திரையோட பவரைக் குறைச்சுடும். பொண்ணுங்களுக்கு இன்னொண்ணு, யாரும் முன்கூட்டி சொல்றதில்ல, மாதவிடாய்ல ரத்தப்போக்கு ரொம்ப அதிகமாகலாம். அக்கா வெக்கப்பட்டுக்கிட்டு மூணு மாசம் சொல்லாம இருந்து ஹீமோகுளோபின் 8க்கு வந்துடுச்சு. சொன்னா மாத்திரையை மாத்தலாம், வேற வழி பண்ணலாம், நீங்களா நிறுத்தறது மட்டும் கூடாது. ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை சாப்பிட்டா அதையும் சொல்லுங்க, அது கட்டி வர்றதைக் கூட்டும்.

யாருக்கு ஆபரேஷன்

பிஇ வந்திருந்தா, பைக்குள்ள கட்டி தெரிஞ்சா, பை வடிவமா இருந்தா, இல்ல சுத்திலும் உப்பின வகையே 20 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா, ஆள் தாங்குவார்னா ஆபரேஷன்ங்கறதுதான் பெரும்பாலான வாஸ்குலர் சர்ஜன்கள் சொல்றது. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப் போய், சின்னதா, சுத்திலும் உப்பின வகையா, உள்ள கட்டி இல்லாம, ஒரு தொந்தரவும் இல்லாம கண்ல பட்டதுன்னா 6 மாசம், வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்துக்கிட்டே இருக்கலாம்னு விடுவாங்க. பெருசாகுது, கட்டி தெரியுதுன்னா முடிவை மாத்துவாங்க.

வயசு, இதயம், வேற வியாதி காரணமா ஆபரேஷன் முடியாதவங்களுக்கு மாத்திரையைக் காலம் பூரா தொடர்றதுதான் வழி. ரத்தக் கசிவு இருந்து மாத்திரையும் முடியாதுன்னா வயித்துக்குள்ள போற பெரிய வெயின்ல ஒரு ஃபில்டர் வைப்பாங்க, குடை கம்பி மாதிரி இருக்கும், மேல போற கட்டியைப் பிடிச்சுக்கும். கட்டி வர்றதை அது நிறுத்தாது. எடுக்கக்கூடிய வகைன்னா எப்ப எடுப்பீங்கன்னு வைக்கற அன்னிக்கே தேதி கேட்டு எழுதிக்கோங்க, மறந்து உள்ளயே விட்டா அதைச் சுத்தியே கட்டி வரலாம், நகரலாம். ஸ்டென்ட் வச்சு மூடிடலாமேன்னு நானும் கேட்டேன், நாள் பூரா மடங்கி நீள்ற இடம், கம்பி நசுங்கும் உடையும், அதனால இங்க அது வழக்கமான ட்ரீட்மென்ட் இல்லன்னார் சர்ஜன்.

ஆபரேஷன்ல என்ன பண்றாங்க

பிஇ அடங்கி மூச்சும் பிபியும் நிலையா வந்தப்புறம்தான் தேதி கொடுப்பாங்க. முன்னாடி மாத்திரையை எப்ப நிறுத்தணும், நடுவுல ஊசி உண்டான்னு எழுதி வாங்கிக்கோங்க, வாய்வழிச் செய்தி வேணாம். முந்தின நாளோ அன்னிக்குக் காலையிலயோ எந்தக் கால்ங்கறதை மார்க் பண்ணுவாங்க, ஸ்கேன் வச்சு பை எங்க இருக்குன்னு தோல் மேல வரைவாங்களே தவிர கையால அமுக்கித் தேட மாட்டாங்க.

குப்புறப் படுக்க வச்சுத்தான் ஆபரேஷன். முழங்கால் பின்னாடி நேர்கோடா வெட்டாம எஸ் எழுத்து மாதிரி வளைச்சு வெட்டுவாங்க, மடிப்புல நேரா வெட்டினா தழும்பு இறுகி காலை நீட்ட முடியாம போகலாம். உள்ள அடுக்கு இப்படி இருக்கும்: முதல்ல மேலாக டிபியல் நெர்வ், அதுக்குக் கீழ வெயின், எல்லாத்துக்கும் அடியில ஆர்ட்டரி, அதாவது இதயத்துலேர்ந்து காலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய். அதாவது வெயினைத் தொடணும்னா நெர்வை ஓரமா நகர்த்தித்தான் ஆகணும். முன்னாடி சொன்ன நரம்புக் குழப்பம் இங்கதான் வந்து நிக்குது, "நரம்பை வெட்டி எடுக்கறாங்களாம்"னு வீட்ல சொல்லிப் பாருங்க, யாரும் கையெழுத்து போட மாட்டாங்க.

ஹெப்பாரின் கொடுத்துட்டு, பைக்கு மேல்பக்கம் வெயினை முதல்ல க்ளாம்ப் பண்ணிடுவாங்க, பையை அசைக்கும்போது உள்ள இருக்கற கட்டி பிஞ்சு மேல ஓடிடக்கூடாதுல்ல. அப்புறம் பையைத் திறந்து கட்டியைச் சுத்தமா எடுத்து, உப்பின சுவத்தை ஓரமா வெட்டி எடுத்துட்டு, மீதி இருக்கற நல்ல சுவத்தை வெயின் குறுகிடாம தைப்பாங்க. தளதளன்னு இருக்கற சட்டையை உடம்பு அளவுக்குப் பிடிச்சுத் தைக்கற மாதிரின்னு வச்சுக்கோங்க. அதிகமா செய்யறது இந்த முறைதான், பை வடிவத்துக்கு நல்லா ஒத்து வரும். சுத்திலும் உப்பியிருந்தா அந்தத் துண்டை மொத்தமா எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேர்த்துத் தைப்பாங்க, எட்டலன்னா கால்லேர்ந்தே மேலாப்புல ஓடற சாஃபினஸ் வெயினை எடுத்து நடுவுல ஒட்டுப் போடுவாங்க. வெயினை அப்படியே முடிச்சுப் போட்டு மூடிட்டா என்னன்னு கேட்டா, காலோட ரத்தம் திரும்பற மெயின் ரோடு அது, அதை அடைச்சா கால் வீங்கிக்கிட்டே இருக்கும்.

சர்ஜன்கிட்ட நான் கேட்ட கேள்விங்க: எந்த முறை பண்ணப் போறீங்க, உள்ள போய்ப் பார்த்து மாத்தினா ஒட்டுக்கு எந்தக் கால் வெயினை எடுப்பீங்க, நெர்வுக்கு என்ன ரிஸ்க், இதுக்கு முன்னாடி இந்த இடத்துல எத்தனை ஆபரேஷன் பண்ணியிருக்கீங்க. கடைசிக் கேள்வி கேக்க சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா அவர் கோவிச்சுக்கல, இந்த அனியூரிசம் மூணுதான், ஆனா முழங்கால் பின்னாடி ஆர்ட்டரி ஆபரேஷன் நிறைய, வழி பழக்கம்னார். எனக்கு அந்த பதில் போதுமா இருந்துச்சு.

முடிஞ்சு வெளிய வந்தப்புறம்

மயக்கம் தெளிஞ்சதும் ஒரு சின்ன டாக்டர் வந்து அக்கா பாதத்தடியில உள்ளங்கையை வச்சு "என் கையைத் தள்ளுங்கம்மா"ன்னார், தள்ளினா. "இப்ப பாதத்தை உங்க பக்கமா தூக்குங்க"ன்னார், தூக்கினா. அவர் மூஞ்சில ஒரு நிம்மதி. தள்ளறது டிபியல் நெர்வோட வேலை, தூக்கறது பக்கவாட்டுல போற பெரோனியல் நெர்வோட வேலை, ரெண்டும் இருக்கான்னு பார்க்கறது அது. உள்ளங்கால்லயோ கெண்டைக்கால்லயோ மரத்துப்போன மாதிரி இருக்கறது சிலருக்கு வரும், பெரும்பாலும் வாரக்கணக்குல சரியாகும். பாதம் தூக்கவே வரலன்னா உடனே சொல்லணும்.

ரத்தம் உறையாம இருக்க மருந்தும் ஓடுது, புதுத் தையலும் இருக்கு, அதனால அந்த இடத்துல ரத்தம் கட்டிக்கறது இதுல அடிக்கடி வர்ற தொந்தரவு. வலி கூடிக்கிட்டே போனா, கட்டு இறுகின மாதிரி இருந்தா, கால் விரல் சில்லுன்னு ஆனா நர்ஸைக் கூப்பிட யோசிக்காதீங்க. அக்காவுக்கு ரெண்டாம் நாள் கொஞ்சம் கட்டிக்கிச்சு, திரும்பத் திறக்காம தானா கரைஞ்சுடுச்சு, சிலருக்குத் திறந்து எடுக்க வேண்டி வரும்.

சீக்கிரமே எழுப்பி நடக்க விடுவாங்க, வலிக்குதுன்னு படுத்துக்கிட்டே இருந்தா தைச்ச இடத்துலயே கட்டி வரலாம். முழங்காலுக்கு நேர் கீழ தலைகாணி வச்சு மடக்கிப் படுக்கறது சுகமா இருக்கும், வேணாம், வெயின் அங்க மடங்கும், காலைத் தூக்கணும்னா கெண்டைக்கால்லேர்ந்து குதிகால் வரைக்கும் மொத்தமா தூக்கி வைங்க. கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கற நீள சாக்ஸ், போடச் சொன்னா அளவெடுத்து வாங்குங்க, காலைல எழுந்து நடமாடறதுக்கு முன்னாடி போடணும், மேல் ஓரம் சுருண்டு முழங்கால் மடிப்புல கயிறு மாதிரி இறுக்காம பார்த்துக்கோங்க, சுருண்ட ஸ்டாக்கிங் போடாம இருக்கறதை விட மோசம்.

மாத்திரை குறைஞ்சது 3 மாசம், நிறைய பேருக்கு 6 மாசம். ரெண்டு தடவை பிஇ வந்தவங்க, ஒட்டு வச்சவங்க, ரத்தம் உறையற பரம்பரைக் கோளாறு இருக்கறவங்களுக்கு அதுக்கு மேலயும் போகலாம். பல்லு பிடுங்கறதுன்னா கூட டாக்டர்கிட்ட இந்த மாத்திரை சாப்பிடறேன்னு முன்னாடியே சொல்லுங்க. மலம் கருப்பா போனா, தலையில அடிபட்டா, மூக்குல ரத்தம் நிக்காம வந்தா நேரா எமர்ஜென்சி.

ஸ்கேன் முதல் மாசத்துக்குள்ள ஒண்ணு, 6 மாசத்துல ஒண்ணு, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு எங்களுக்குச் சொன்னாங்க, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது மாறும். தைச்ச இடம் திறந்திருக்கா, குறுகியிருக்கா, திரும்ப உப்புதா, இதுதான் பார்க்கறது. ஒவ்வொரு தடவையும் மில்லிமீட்டர் கணக்கை நீங்களே ஒரு தாள்ல எழுதி வைங்க, ஸ்கேன் எடுக்கறவர் மாறினாலும் பழைய கணக்கு உங்க கையில இருக்கும்.

கால் சரியாயிடுச்சுன்னு நுரையீரலை மறந்துடறதும் நடக்குது. பிஇ வந்து 3 மாசம் ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டும் படி ஏறினா மூச்சு வாங்குது, நடந்தா தலை சுத்துதுன்னா உடம்பு வீக்கா இருக்குன்னு சமாதானம் பண்ணிக்காதீங்க. பழைய கட்டி கரையாம தழும்பாகி நுரையீரல் ரத்தக்குழாய்ல பிரஷர் ஏறியிருக்கலாம், எக்கோவும், நுரையீரல்ல காத்தும் ரத்தமும் எங்கெங்க போகுதுன்னு பார்க்கற விக்யூ ஸ்கேனும் எடுத்தா தெரியும், அதுக்குத் தனியா ட்ரீட்மென்ட் இருக்கு. அக்காவுக்கு எடுத்துப் பார்த்துட்டாங்க, பிரஷர் இல்ல. போன ஸ்கேன்ல வலது பக்கம் 10, இடது பக்கம் 8 மில்லிமீட்டர். அதே வயசான ஆள்தான் எடுத்தார், நிக்க வச்சும் ஒரு தடவை அளந்தார், கேக்காமலேயே.